செல்வராஜ் யார் என்று ஆண்டவருக்குத் தெரியும்

போன வருடம் ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. சென்னையில், முன்பின் தெரியாத ஒருவருடைய காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் பெட்டி அவருடைய டிக்கியில். என் போன் அவர் பக்கத்தில். நான் போகவேண்டிய அடையாறைத் தாண்டி கார் போய்க்கொண்டே இருந்தது. "ஆண்டவரே, நான் என் வாயால கெட்டேன். உம்முடைய பிள்ளை யாரையாவது அனுப்பும்" என்று மனதுக்குள் சொன்னேன். எங்கள் சபையில் முழங்காலில் நின்றால் ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டாள் என்று பெயர் எடுத்தவள் நான். அன்றைக்கு வந்தது அவ்வளவுதான்.

அந்த ஜெபத்துக்கு என்ன பதில் வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் பெயர் ஞானபுஷ்பம். வயது நாற்பத்தொன்பது. ஊர் பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில். ஞானம் எனக்குப் பெயரில் மட்டும்தான் என்று என் அண்ணன் சாமுவேல் சொல்வார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பது இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் வீட்டுக்காரர் இறந்து நாலு வருடம் ஆகிறது. அதன் பிறகு அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தேன். அண்ணி நல்லவர்தான். ஆனாலும் ஒரு டம்ளர் காபி கூடுதலாகக் குடிக்க மனசு கூசும். அந்தக் கூச்சம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். "எனக்கென்று ஒரு வேலை தாரும்" என்று மூன்று வருடம் கண்ணீரோடு ஜெபித்தேன்.

அப்போதுதான் அடையாறில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று கடிதம் வந்தது. திங்கட்கிழமை பதினோரு மணி. ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் கட்டாயம். அண்ணனுக்கு வயலில் நடவு. கூட வர ஆள் இல்லை. "தனியாப் போய்ப் பழக்கமில்லாதவ. ஏதாவது ஒண்ணுன்னா அப்புறம் மெட்ராஸ் பேச்சையே எடுக்கக் கூடாது, பாத்துக்கோ" என்றார். சரி என்றேன். பட்டப்படிப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், போதகர் ஐயா கொடுத்த நற்சாட்சிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு, பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். அந்தப் பெட்டி போனால் வேலை போச்சு. வேலை போனால் மறுபடி பின்னறைதான்.

ஞாயிறு சாயங்காலம் ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு அம்மா. வெள்ளைச் சேலை, கழுத்தில் ஒன்றும் இல்லை, கையில் கறுப்பு உறை போட்ட வேதாகமம். என்னைப் பார்த்ததும், "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஒருவர் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டால் எங்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. எந்த ஊர், எந்த சபை என்று கேட்போம். ஆனால் பதில் சரிதானா என்று யார் பார்க்கிறோம்? பெயர் லில்லி என்றார். கொஞ்ச நேரத்தில் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, "ஜெபக் குறிப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க சிஸ்டர், எழுதிக்கிறேன்" என்றார்.

நம் ஆட்களிடம் ஊர், பேர், நகை, பணம் என்று நேராகக் கேட்டால் உஷாராகிவிடுவோம். ஜெபக் குறிப்பு என்று கேட்டால் போதும், குடும்ப அட்டை முதற்கொண்டு எடுத்து நீட்டிவிடுவோம். நான் சொன்னேன். என் பெயர், வீட்டுக்காரர் இறந்தது, அடையாறுக்கு வேலைக்குப் போவது, காலையில் மாம்பலத்தில் இறங்குவது, கூட யாரும் வராதது, குளித்து உடை மாற்ற இடம் தெரியாதது, இடது முழங்கால் வலி, எல்லாம் சொன்னேன். லில்லி அக்கா "ஐயோ பாவம்" என்று சொல்லிச் சொல்லி எழுதினார். கடைசியாக, "செல்வராஜுக்காகவும் ஜெபிச்சுக்கோங்க. நாலு நாளா ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கான்" என்றேன்.

செல்வராஜ் எங்கள் வீட்டு ஆடு. குட்டியை விற்றவர் பெயர் செல்வராஜ், அந்தப் பெயரே அதற்கும் நிலைத்துவிட்டது. எங்கள் சபையில் வருடா வருடம் அசனம் நடக்கும். ஊரே கோயில் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அதற்கு நேர்ந்து விட்ட கிடா அது. நேர்ந்து விட்டது இளைத்துப்போனால் எனக்குத்தானே கவலை? லில்லி அக்கா யார் செல்வராஜ் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

விடிந்து, தாம்பரத்தில் அவர் இறங்கிவிட்டார். நான் மாம்பலத்தில் இறங்கினேன். தியாகராய நகர் பக்கம் படி இறங்கி, கூட்டத்தைப் பார்த்து மலைத்து நின்றேன். அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், நேராக என்னிடம் வந்தார்.

"ஸ்தோத்திரம் அம்மா. வெள்ளைப் பூ ஒண்ணைக் கர்த்தர் எனக்குக் காட்டினார். உங்க பேர்ல புஷ்பம் இருக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். நான் விதவை. ஒரு கதவு திறக்க வந்திருக்கிறேன். இடது முழங்கால் வலிக்கிறது. அத்தனையும் சரி. ரங்கநாதன் தெருவுக்குப் போகிற ஜனங்கள் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போக, நான் நடுவழியில் நின்று தேம்பி அழுதேன். ஆண்டவர் என்னை இவ்வளவு நினைக்கிறாரே என்று. அடையாறு பக்கம் ஒரு ஊழியக்கார அம்மா வீடு இருக்கிறது, அங்கே குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் போகலாம் என்றார். என் பெட்டியை அவரே தூக்கி டிக்கியில் வைத்தார். போனில் சார்ஜ் குறைவு என்றேன். முன்சீட்டில் போட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டார். கொடுத்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

கார் போகும்போது அவர் சும்மா வந்திருந்தால், இந்தச் சாட்சியை நான் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அவருக்கும் என்னைப் போலவே வாய் அதிகம். கண்ணாடியில் என்னைப் பார்த்து, உருக்கமான குரலில் சொன்னார்.

"அம்மா, உங்க மகன் செல்வராஜைக் கர்த்தர் எனக்குக் காட்டுறார். மனசு உடைஞ்சிருக்கான். சாப்பாடு இறங்கல. குடிப் பழக்கத்துல இருந்து அவனுக்கு விடுதலை வரப்போகுது."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. என் தலையில் எத்தனை முடி என்று தெரிந்த ஆண்டவருக்குச் செல்வராஜ் ஆடு என்று தெரியாதா? இது ஆண்டவர் சொன்னதல்ல. லில்லி அக்கா நோட்டில் எழுதியது. தாம்பரத்தில் இறங்கியதுமே போன் போய்விட்டது!

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கடைப் பலகைகளில் அடையாறு, அடையாறு என்று வந்து, பிறகு அந்தப் பெயர் வருவதே நின்றுவிட்டது. "அடையாறுன்னு சொன்னீங்களே?" என்றேன். "இன்னும் கொஞ்ச தூரம்தான்மா, கடற்கரைப் பக்கம்" என்றார். அப்போதுதான் முதலில் சொன்னேனே, அந்த ஜெபத்தைச் செய்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

ஜெபம் முடிந்த கையோடு எனக்கு ஒரு யோசனை வந்தது. அது என் மூளையில் இருந்து வந்திருக்க வழியில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, "தம்பி, வாந்தி வருது!" என்று கத்தினேன். சீட்டு புத்தம் புதுசு. பதறிப்போய், திருவான்மியூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினார்.

எதிரே ஒரு தள்ளுவண்டி இட்லிக் கடை. ஆவி பறக்கும் சட்டி, நாலைந்து ஸ்டூல், சுற்றி ஆட்கள். கடைக்காரப் பெண்மணிக்கு என் வயது இருக்கும். நெற்றி நிறையக் குங்குமம், இடுப்பில் செருகிய கொசுவம். பெயர் தனம் என்று பிறகு தெரிந்தது. நான் இறங்கி அவர் பக்கமாகப் போய் நின்றேன். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார்.

"இன்னாமா, வண்டி ஒத்துக்கலியா? குந்து."

அந்த மனிதர் பின்னாலேயே வந்தார். "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லை. வாங்கம்மா, நேரமாச்சு."

"ஏன் நைனா தொரத்துற? தண்ணி குடிக்கட்டும்" என்றார் தனம். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "நீ யாரு அவங்களுக்கு?"

"நாங்க எல்லாம் ஒரே சபை."

"அப்டியா? வூட்ல யாரு யாரு கீறாங்கோ?"

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "வீட்டுக்காரர் தவறிட்டார். ஒரே மகன், செல்வராஜ். அவனுக்குத்தான் பாவம், உடம்பு சரியில்லை."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "செல்வராஜ் எங்க வீட்டு ஆடுல்லா!" என்று ஊர் கேட்கக் கத்தினேன்.

கடை அப்படியே நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஆட்டோக்காரர், தலையில் வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, இட்லியை வாய்க்கருகே வைத்துக்கொண்டே கேட்டார். "ஆடா? நாலு கால் ஆடா?"

"நாலு காலு. ரெண்டு கொம்பு. அசனத்துக்கு நேர்ந்து விட்டிருக்கோம். இந்த ஆளை எனக்குத் தெரியாது. என் பெட்டி டிக்கில இருக்கு, போன் முன்சீட்டுல இருக்கு."

முதலில் தனம்தான் சிரித்தார். பிறகு கடையே சிரித்தது. சிரித்துக்கொண்டே அந்தத் தொப்பிக்காரர், மெஹ்பூப் பாய், கையைக் கழுவிவிட்டுப் போய்த் தன் ஆட்டோவைக் காருக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினார். "டிக்கிய தொறங்க ஜி. போனையும் குடுத்துடுங்க. மத்ததெல்லாம் நிதானமா பேசிக்கலாம்" என்றார், ரொம்ப மரியாதையாக. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து கார்ப் பக்கம் வந்து நின்றார்கள். பெட்டி வந்தது. போன் வந்தது. தனம் காரின் நம்பரைப் போட்டோ எடுப்பதைப் பார்த்ததும், வெள்ளைச் சட்டைக்காரர் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓட்டிப் போய்விட்டார். அந்தக் கடற்கரை வீட்டில் எனக்காக என்ன காத்திருந்தது என்று இன்றுவரை தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

பெட்டியைத் திறந்து பைலைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தனம் இரண்டு இட்லி வைத்துக் கையில் கொடுத்தார்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"வண்டிய வுட்டு எறங்குனதும் டிக்கியத்தான திரும்பிப் பாத்தே? வாந்தி வர்றவ எதுக்குமா டிக்கியப் பாக்கணும்?"

நன்றியில் எனக்கு மனசு பொங்கிவிட்டது. "அக்கா, உங்க வீட்டுக்கே வந்து குளிச்சிட்டுப் போறேன்" என்றேன். தனத்துக்கு வந்ததே கோபம்!

"உனுக்கு அறிவு கீதா? இப்பத்தான ஒர்த்தன்கிட்டேர்ந்து தப்பிச்சே? என்னை மட்டும் உனுக்கு எப்டித் தெரியும்? இட்லி நல்லா இருந்தா ஆளும் நல்ல ஆளா? போற எடத்துக்கு போன் போட்டுக் கேளு, குளிக்க எடம் கீதான்னு."

நேர்முகத் தேர்வுக் கடிதத்தின் மேலேயே விடுதியின் போன் நம்பர் இருந்தது. ஒரு வாரமாக அது என் கையில் இருந்தது. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்தேன். ரயிலில் முன்பின் தெரியாதவரிடம் முழங்கால் வலி வரைக்கும் சொன்னவளுக்கு இதில் மட்டும் கூச்சம். போன் செய்தேன். "அதுக்கென்னம்மா, விருந்தினர் அறை காலியாத்தான் இருக்கு, இப்பவே வாங்க" என்றார்கள்.

மெஹ்பூப் பாய் ஆட்டோவில்தான் போனேன். அதற்கும் தனம் விடவில்லை. ஆட்டோ நம்பரைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பச் சொன்னார். "மூஞ்சியும் சேத்து எடுத்துக்கோங்கம்மா" என்று பாய் தாடியை நீவிக்கொண்டு சிரித்தபடி நின்றார். திங்கட்கிழமை காலையில் நடவு வயலில் நிற்கிற என் அண்ணனுக்கு, ஒரு விளக்கமும் இல்லாமல், சிரிக்கிற பாய் ஒருவரின் படம் போய்ச் சேர்ந்தது. அடுத்த நிமிடம் போன். "ஏட்டி, யாரு இது?" பாயே போனை வாங்கி, தன் பெயர், வீடு, எத்தனை வருடமாக வண்டி ஓட்டுகிறார் எல்லாம் சொன்னார். அடையாறு போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேரும் மழை, விளைச்சல் வரைக்கும் பேசிவிட்டார்கள்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த மேடம் ஒரே கேள்விதான் பெரிதாகக் கேட்டார். "ஊர்ல இருந்து தனியா வர்ற பொண்ணுங்களை நீங்க எப்படிப் பார்த்துப்பீங்க?" தயார் செய்து வந்த பதில் எல்லாம் மறந்துவிட்டது. காலையில் நடந்ததைச் சொன்னேன். ஆடு வந்த இடத்தில் மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இதை வெளிய சொல்ல உங்களுக்கு வெட்கமா இல்லையா?" என்று கேட்டார். "இருக்கு மேடம். ஆனா சொன்னாத்தானே வர்ற பிள்ளைகள் அவங்களுக்கு நடந்ததையும் என்கிட்ட வந்து சொல்லும்?" என்றேன். அன்று சாயங்காலமே வேலை உத்தரவு தந்தார்கள். மேடமே என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் புகாரும் எழுதிக் கொடுக்க வைத்தார்.

இரவு படுக்கையில் ஆண்டவரிடம் கேட்டேன். உம்முடைய பிள்ளையை அனுப்பும் என்றுதானே கேட்டேன்? ஸ்தோத்திரம் சொல்லி வந்தவர்கள் இரண்டு பேர் என்னைக் குழியில் தள்ளப் பார்த்தார்கள். தூக்கிவிட்டது குங்குமம் வைத்த ஒரு அக்காவும் தொப்பி போட்ட ஒரு பாயும். யார் தம்முடைய பிள்ளை என்று அவருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. அதை நினைத்து அன்றைக்கும் அழுதேன். ஆனால் அது சந்தோஷ அழுகை.

வேலையில் சேர்ந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. எனக்கென்று ஒரு அறை, ஒரு சாவி. காபி எத்தனை டம்ளர் குடித்தாலும் கேட்க ஆள் இல்லை. நான் பேச்சை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. ரயிலில் இன்னும் எல்லோரிடமும் பேசுகிறேன். புது மனிதர்கள் என்றால் எனக்கு இன்னும் ஆசைதான். ஆனால் எங்கே இறங்குகிறேன், எங்கே தங்குகிறேன் என்பது எனக்கும் ஆண்டவருக்கும் அண்ணனுக்கும் மட்டும். யாராவது ஜெபக் குறிப்பு கேட்டால், "எனக்காக வேண்டிக்கோங்க, விவரம் அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிடுவேன். பெட்டி என் காலுக்கடியில் இருக்கும். பேசுவது நாலு பேர் பார்க்கிற இடத்தில். என் பிள்ளைகளுக்கு, அதாவது விடுதிப் பெண்களுக்கு, இதையேதான் சொல்லித் தருகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை திருவான்மியூர் போய் தனம் கடையில் சாப்பிடுவேன். "செல்வராஜ் எப்டி கீறான்?" என்று அவர் கேட்பார். அசனம் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. நான் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்பேன்.

போன மாதம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். காலையில் மாம்பலத்தில் இறங்கியபோது, பிளாட்பார பெஞ்சில் ஒரு பெண். இருபது வயது இருக்கும். மடியில் பை, கண் நிறைய தண்ணீர். கூட்டிப்போக வரவேண்டிய தோழி போன் எடுக்கவில்லை. என்னம்மா என்றதும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம்.

"என்னை நம்பாதம்மா" என்றேன். "நான் இந்த பெஞ்சோட அந்தக் கோடியில உட்கார்றேன். நீ உங்க அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு என்னைக் காட்டு."

விருதுநகர் பக்கத்திலிருந்து அவள் அம்மா போனில் வந்தார். என்னைப் போட்டுக் குடைந்து எடுத்துவிட்டார். பெயர், ஊர், வேலை. விடுதி அடையாள அட்டையைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னார். காட்டினேன். விடுதி நம்பரைக் கேட்டு, வேறு போனில் அங்கே பேசி உறுதி செய்துகொண்டுதான் விட்டார். அதன் பிறகு அரைமணி நேரம் நானும் அந்தப் பெண்ணும் அதே பெஞ்சில் உட்கார்ந்து கடலை சாப்பிட்டோம். தோழி மூச்சு வாங்க ஓடி வந்தாள். பஸ் மாறி ஏறிவிட்டாளாம். அவளையும் அம்மாவுக்குக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். நான் செய்ததெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மட்டும்தான்.

போனை வைக்கும் முன் அந்த அம்மா அழுதுவிட்டார். "இப்பத்தாம்மா மாரியாத்தா வாசல்ல நின்னு கேட்டேன். எம்புள்ள தனியா நிக்குது, யாராவது நல்ல மனுசிய அனுப்பு தாயேன்னு" என்றார். திருவான்மியூர் இட்லிக் கடை என் கண் முன்னால் வந்து நின்றது.

அன்பானவர்களே, தனியாகப் போகப் பயந்து வீட்டிலேயே இருக்கிறவர்கள் இதைப் படிக்கலாம். போங்கள். பெட்டியை விடாதீர்கள், கேட்க வேண்டியதைக் கேளுங்கள், மனிதர்களிடம் பேசுங்கள். மாட்டிக்கொண்டால் ஒரு வரி ஜெபம் போதும், ஆள் வரும். நீங்கள் எதிர்பார்த்த ஆளாக இருக்காது. ஒருநாள் யாரோ ஒருவர் எங்கேயோ நின்று ஆள் கேட்பார். அப்போது நீங்கள் அந்த பெஞ்சுப் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் என் ஜெபம்.